வியாழக்கிழமை மந்திரி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல, ஆள் செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தன் பெயரை அச்சில் பார்ப்பதென்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. அவருடைய நாட்டுப் பேப்பர் தபாலில் வந்தால், தன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். இல்லையென்றால் அந்தப் பேப்பரைக் கால் கழுவும் பேசினுக்குக் கீழே விரிக்கச் சொல்லுவார். அந்த ஆசையை நான் ஏன் நிறைவேற்ற வேண்டும்?

மந்திரி என்றே எழுதுகிறேன். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நாட்டில் கல்வி மந்திரியாக இருந்து, சுகாதார மந்திரியாக இருந்து, கடைசியில் உள்நாட்டு மந்திரியாக இருந்தவர். உள்நாடு என்றால் பொலிசும் மறியல் வீடும், அதாவது சிறையும். பட்டாளம் அரசாங்கத்தைக் கவிழ்த்தபோது லண்டனுக்கு ஓடி வந்து பின்ச்லியில் ஒரு பெரிய வீட்டில் இருந்தார். எண்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தேன். நான் குடியிருந்த எட்மண்டனில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது நகவெட்டியின் சத்தம். டிக். டிக். வியாழக்கிழமைகளில் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம் போட்ட நீள வாங்குப் பலகையில் இருப்பார்கள். எல்லோரும் அவருடைய நாட்டு ஆட்கள். ஒருவருக்கு வேலைக்குக் கடிதம் வேண்டும், ஒருவருக்கு அங்கே பறிபோன காணியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டும். மந்திரிப் பதவி போனாலும் அங்கே அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு போன் எடுத்தால் காரியம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லுவார். ஐந்து மணிக்கு இரண்டு பேரை மேலே கூப்பிடுவார். மற்றவர்கள் அடுத்த வியாழன் வரவேண்டும்.

மந்திரி மேலே பெரிய அலுவலாக இருக்கிறார் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். மேலே போய் வருகிற எனக்குத்தான் தெரியும், அவர் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று. கைநகம் முடிந்தால் கால்நகம். கால்நகம் முடிந்தால் டிவியில் மேசையில் கோலால் பந்து உருட்டுகிற விளையாட்டு. பிறகு கதிரையிலேயே வாயைத் திறந்துகொண்டு ஒரு நித்திரை. வெட்டிய நகம் கம்பளத்தில் விழக்கூடாதென்று மடியில் ஒரு தாளை விரித்து வைத்திருப்பார். அந்தத் தாள், கீழே இருப்பவர்களில் ஒருவர் எழுதிக்கொடுத்த விண்ணப்பமாக இருக்கும். நல்ல கையெழுத்தில், கோடு போட்டு, படமும் இணைத்து எழுதியிருப்பார்கள். அதை மடித்து என்னிடம் நீட்டி, "கிச்சின், இதைக் கொட்டிப்போட்டுத் தாளைக் கொண்டு வா" என்பார்.

கிச்சின் என்பது நான். குசினியில் நின்றவளுக்கு அங்கே வேறு பெயர் இருக்கவில்லை.

அவர் பேசியது இங்கிலிஸ். எனக்கு அப்போது வந்ததும் உடைந்த இங்கிலிஸ். பேச வராவிட்டாலும் கேட்டால் விளங்கும். வாய் கூச்சப்பட்டாலும் காது கூச்சப்படாது. அதனால் எல்லாப் பேச்சையும் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நான் ஒரு மடைத்தனம் செய்தேன். எங்கள் ஆட்கள்தான் அப்படிச் செய்வார்கள். நாட்டை விட்டு ஓடி வந்த மனிதர் என்று சொன்னார்கள். ஓடி வந்தவர் என்றால் இலங்கையில் இருந்து வந்த எங்களைப் போல அகதி என்று நினைத்துவிட்டேன். பாவம், எந்த வீட்டை விட்டு, எந்தச் சனத்தை விட்டு வந்தாரோ என்று மனம் இளகி, எட்மண்டனில் விடிய எழும்பிப் புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, துவாயில் சுற்றிக்கொண்டு போனேன்.

"ஐயா, நாங்களும் உங்களைப் போலதான். அகதி" என்றேன். அந்த வீட்டில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் வசனம் அது.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கிய சிரிப்பு. பிறகு புட்டு முழுவதையும் சாப்பிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பி, "நாளைக்கும் கொண்டு வா" என்றார்.

வாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். எனக்கு அது முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர் எதிரியானாலும் தேத்தண்ணி கேளாமல் இருத்தி வைக்க எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டாம் வியாழன் ஒரு தட்டில் எட்டுக் கோப்பை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். எப்படி மணத்ததோ தெரியாது, மேலே இருந்து இறங்கி வந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த கைகளில் இருந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக வாங்கித் தட்டில் வைத்து, என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"தேத்தண்ணி குடிச்சவன் விருந்தாளி. விருந்தாளிக்கு நான் பதில் சொல்லவேணும். சும்மா இருக்கிறவனுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. விளங்குதோ?"

விளங்கியது. அடுத்த கிழமையில் இருந்து வாங்கு இருந்த பக்கத்தில் ஹீட்டரையும் நிற்பாட்டச் சொன்னார்.

கீழே ஒரு கக்கூஸ் இருந்தது. வியாழக்கிழமைகளில் அதைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் ஒரு வயோதிபர் வந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிமிர்ந்து இருந்தார். மூன்று மணியளவில் என்னிடம் மெல்லக் கேட்டார். நான் மேலே ஓடிப்போய்த் திறப்புக் கேட்டேன். மந்திரி டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றார். மறுபடி போனேன். "சொன்னேனே" என்றார். நாலு மணிக்கு அந்த மனிதர் இருந்த இடம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியால் மடியை மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் வாளியும் துணியுமாகக் குந்தியிருந்து துடைத்தேன்.

மந்திரியிடம் சொன்னபோது நல்ல செய்தி கேட்டவர் போலத் தலையாட்டினார். "இனி அவன் பெரிய கதை கதைக்க மாட்டான்."

இதையெல்லாம் அவர் எங்கே படித்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். தாய் சந்தையில் கருவாடு விற்றவள். படிப்பு உதவிக்கு ஒரு கையெழுத்து வாங்க, வெள்ளைக்காரர் காலத்து அலுவலகம் ஒன்றில் மூன்று நாள் வாசலில் இருந்தாராம். மூன்றாம் நாள் கதவு திறந்தபோது, தான் கேட்க வந்தது என்னவென்றே மறந்துபோய், வெறும் நன்றிதான் வாயில் வந்ததாம். "அண்டைக்குத்தான் அரசாங்கம் எண்டால் என்ன எண்டு விளங்கிச்சுது" என்றார். அந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கும். என்னுடைய கண்ணும் முதல்தரம் கலங்கியது. அந்த மூன்று நாளை அவர் எத்தனை ஆயிரம் பேருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு யோசித்தபோது, கலங்கிய கண்ணைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்குக் கடைசியில் ஏதாவது நடக்கும் என்று சனம் சொல்லும். ஒன்றும் நடக்கவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடியும் மந்திரியானார். தொண்ணூறுகளின் நடுவில் உடம்புக்கு வருத்தம் வந்து லண்டனுக்கே வந்தார். தனி அறை, கூப்பிட்டதும் டொக்டர். நித்திரையிலேயே போய்விட்டாராம். எனக்குப் பிறகு அங்கே வேலைக்குப் போன பெண் சொன்னாள். சாவுக்குக்கூட அவர் ஒரு நிமிடம் காத்திருக்கவில்லை.

இனி கிரேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயர் வைத்து எழுதுகிறேன். அவளுக்கு உரிய பெயர் இதுவல்ல.

வாங்கில் எப்போதும் முதல் ஆளாக இருப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. வியாழக்கிழமைக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மஞ்சளிலோ நீலத்திலோ தலைத்துணி கட்டிக்கொண்டு, கலியாணத்துக்கு வருகிறவள் போல வருவாள். ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், கொஞ்சம் சுடுதண்ணி தருவியா? குடிக்க இல்லை. கைக்கு."

கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். குடிக்கவில்லை. அப்படியானால் சட்டத்தில் குற்றமில்லை. அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு வியாழனும் அப்படித்தான்.

"என்ர நாட்டில இந்த ஆளைப் பாக்க மூண்டு வாசல் தாண்டவேணும். இஞ்ச ஒரு வாசல்தான்" என்பாள். "லண்டனுக்கு வந்து எவ்வளவு முன்னேறியிட்டன், பாத்தியா?"

நான் என் புட்டுக் கதையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அகதியோ? இவரோ? சிஸ்டர், நாங்கள் இவருக்குப் பயந்து ஓடினனாங்கள். இவர் எங்களுக்குப் பயந்து ஓடினவர். ரெண்டு பேரும் ஒரே ஊரில வந்து இறங்கியிட்டம், அவ்வளவுதான். நீ புட்டை எனக்கெல்லோ தந்திருக்கவேணும்!"

அடுத்த வியாழன் கொடுத்தேன். நின்றபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டாள்.

அவளுடைய கணவர் கணக்கு வாத்தியார். வாத்திமார் எல்லோரும் சேர்ந்து எழுதிய ஒரு கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டதற்காக மறியலில் போட்டார்கள். போடச் சொல்லிக் கையெழுத்து வைத்தது அப்போது உள்நாட்டு மந்திரியாக இருந்த இதே மனிதர்தான். பட்டாளம் வந்து மந்திரியைத் துரத்தியது. ஆனால் மறியல் கதவை ஒருவரும் திறக்கவில்லை. அங்கே பொறுப்பாக இருந்தது இன்னமும் மந்திரியின் தங்கையின் புருஷன்.

"பூட்டினவனிட்டயே வந்து திறப்புக் கேக்கிறன்" என்றாள் கிரேஸ். "அரியண்டமா, அருவருப்பா இருக்குது. ஆனா திறப்பு அவனிட்டத்தானே இருக்கு."

நானும் அந்த வீட்டில் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். வாங்கில் இருக்கவில்லை, அவ்வளவுதான். என் கணவர் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் கொழும்பில் ஒரு லொட்ஜில், என் தங்கையோடு. அவளை இங்கே எடுப்பதற்கு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலை கொடுத்தவர் எழுதித் தரவேண்டும். லோயர் அந்தக் கடிதத்தை டைப் அடித்துத் தந்துவிட்டார். மந்திரி கையெழுத்து மட்டும் வைக்க வேண்டும். நான் நீட்டியதும் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு இழுத்து மூடினார்.

"வியாழக்கிழமை பாப்பம்."

எந்த வியாழன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதம் ஆனது. மகள் எழுதினாள்: "அம்மா, லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து பதிவு பாக்கிறாங்கள். பக்கத்து அறையில ரெண்டு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள். கெதியா ஏதாவது செய்யுங்கோ." அந்தக் கடிதத்தை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டுதான் அவருடைய நகங்களைக் கொட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை. அவருடைய காலுக்குச் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அங்கேயிருந்து அவருடைய சிநேகிதர். இரண்டு பேருக்கும் வேறு வேறு பாஷை, அதனால் இங்கிலிசில்தான் பேசுவார்கள். நான் நிற்பது மந்திரிக்கு ஒரு கதிரை நிற்பது போல.

"அந்தக் கணக்கு வாத்தியோ? எப்ப? ... காய்ச்சலோ? சரி, காய்ச்சல் எண்டே எழுதட்டும்." கொஞ்ச நேரம் கேட்டார். "அவன்ர மனிசி இஞ்ச வாறவள். இல்லை, இல்லை, இப்ப சொல்லத் தேவையில்லை. அந்த ரெண்டு பேரும் என்னைப் பாக்க வரேக்க வாங்கு நிறைய ஆக்கள் இருக்கவேணும். அவள்தான் முன்னுக்கு இருக்கிறவள், நல்ல உடுப்பு. அண்டைக்கு அவள் இருக்கவேணும்." பிறகு காலை என் பக்கம் நீட்டி, "கிச்சின், சூடு காணாது" என்றார்.

நான் இன்னும் ஊற்றினேன். என் கை நடுங்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த இரண்டு பேர் யாரென்று பிறகு விளங்கியது. அவரைத் திரும்ப மந்திரியாக எடுக்கலாமா என்று பார்க்க அவருடைய நாட்டு அரசாங்கம் அனுப்புகிற ஆட்கள். சனம் இன்னமும் தன்னைத் தேடி வருகிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். புருஷன் செத்தது தெரிந்தால் கிரேஸ் வாங்கில் இருக்க மாட்டாள். அதற்காக.

அந்த வியாழன் கிரேஸ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். லாச்சிக்குள் என் மகளுக்கான கடிதம், இன்னும் கையெழுத்து இல்லாமல். சொன்னால் இவள் மேலே ஓடுவாள். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடமும் வேண்டாம். "என்ன சிஸ்டர், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். "தலையிடி" என்றேன். அடுத்த வியாழனும் தலையிடி.

மூன்றாம் வியாழன் காலை மந்திரி என்னிடம் சொன்னார்: "இண்டைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி குடு. பிஸ்கட்டும் வை. ஹீட்டரைப் போடு." கக்கூஸ் திறப்பை மேசையில் வைத்தார்.

நல்ல கோட்டுப் போட்ட இரண்டு பேர் மூன்று மணிக்கு வந்தார்கள். மந்திரி தன் நாட்டு நீண்ட வெள்ளை அங்கியில் படியிறங்கினார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பினார்கள். ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, தாயைக் கேட்டு, பிள்ளைகளைக் கேட்டு வந்தார். ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. எல்லோரையும் "என்ர பிள்ளை" என்றார். கிரேஸிடம் வந்து அவளுடைய தலைத்துணியின் மேல் கையை வைத்தார்.

"உன்ர மனிசனைப் பற்றி நான் ஒவ்வொரு நாளும் கதைக்கிறன். இன்னும் கொஞ்சம் பொறு."

கிரேஸ், அவர்கள் வழக்கப்படி, இரண்டு முழங்காலையும் மடித்து அவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அழுதாள். கோட்டுப் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் பிஸ்கட் தட்டோடு பின்னால் நின்றேன். தட்டில் சரிந்த பிஸ்கட்டுகளை நேராக அடுக்கினேன்.

அவர்கள் போனபிறகு மந்திரி குசினிக்குள் வந்தார். நல்ல சந்தோசம். கையில் என் கடிதம், கையெழுத்தோடு.

"பாத்தியா, கிச்சின்? பொறுத்திருந்தால் கிடைக்கும்."

"தாங்க் யூ, சேர்" என்றேன். அவர் சொன்ன அந்த அலுவலகக் கதையில் நடந்தது போலவே, எனக்கும் வாயில் வந்தது அதுதான். ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் கிரேஸ் நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டியா, ஒவ்வொரு நாளும் கதைக்கிறாராம்!"

"கிரேஸ்" என்றேன். "உன்ர மனிசன் செத்துப்போனார். காய்ச்சல் எண்டு சொல்லினம். போனில கதைச்சதை நான் கேட்டனான். அவருக்குத் தெரியும்."

எனக்கு வேறு விதமாகச் சொல்ல இங்கிலிஸ் இருக்கவில்லை. தமிழில் என்றாலும் வேறு எப்படிச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அவள் சிரிப்பு போக நேரம் எடுத்தது. தரிப்பிடத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள், திரும்பி அந்த வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது.

"மூண்டு கிழமை."

"அப்ப போன கிழமை, அவர் வந்தால் காலில போட எண்டு சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து உனக்குக் காட்டினனே. அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

"நல்ல வடிவா இருக்கு எண்டு சொன்னாய்."

"ஓம்."

கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கம்பத்தை விட்டுக் கையை நீட்டினாள்.

"கடிதம் கிடைச்சிட்டுதோ? காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்தாள். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. திகதியும் போட்டிருக்கிறார்" என்றாள். "மகளைக் கூப்பிடு."

மடித்த இடத்திலேயே மடித்து என் கையில் வைத்தாள். பஸ் வந்தது. கையைக் காட்டி அதை எனக்காக மறித்தாள். தான் ஏறவில்லை. நான் ஏறினேன்.